கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண்?

கணிதமேதை இராமானுஜன் 1904-இல் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறியதால் அத்தொகையை இழந்தார். ஒரு தாளின் மதிப்பெண் ஒருவரது கல்வியையே தடுத்துவிடக் கூடும் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கிற்று. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு நெடுங்காலம் இரண்டு தாள்கள் இருந்தன. 2018-19 கல்வியாண்டில் அவை ஒன்றாயின. தேர்வுச் சுமை குறைந்தது நன்றே. ஆனால் திருத்தும் கண் மாறியதா?

உரைநூல் கட்டுரையை மனப்பாடமாக ஒப்பித்தவர் எளிதில் தேறுகிறார். வேப்பம்பட்டில் படித்துக் கும்மிடிப்பூண்டி ஆலைக்கு விண்ணப்பிக்கப்போகும் பிள்ளை, விண்ணப்பக் கடிதத்தைத் தன் சொற்களில் பிழையோடு எழுதினால் மதிப்பெண் இழக்கிறது. பிழையை எண்ணுவது எளிது. சொல்ல வந்ததை உணர்ந்து மதிப்பிடுவதே ஆசிரியப் பணி என்போம் நாம்.