கட்டிய பலகையும் கட்டாத பலகையும்

“ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, அந்தக் காற்று ஒரு மனிதரைத் தண்ணீரின் மேல் இழுத்துச் செல்வதை இன்று இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைகளில் நேரில் காணலாம். வானில் ஒரு பெரிய பட்டம். அதிலிருந்து இருபது மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கயிறுகள் இறங்கி ஒருவருடைய இடுப்பு வாரில் முடிகின்றன. அவர் காலடியில் ஒரு பலகை. பட்டம் இழுக்கிறது, பலகை வழுக்குகிறது. ‘கைட் சர்ஃபிங்’ எனப்படும் பட்டச் சறுக்கு இதுதான்.

அவர் தவறி விழுந்தால் என்ன ஆகும்? பட்டம் இடுப்போடு இருக்கும். பலகையோ காலை விட்டு நழுவி எங்கோ மிதக்கும். ‘அதையும் காலோடு ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் போயிற்று’ என்று நமக்குத் தோன்றும். அப்படித்தான் முதலில் பலருக்கும் தோன்றியது.

பட்டம் கடலுக்கு வந்த கதை

பட்டத்தின் இழுவையை வேலைக்குப் பயன்படுத்தும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826-இல் காப்புரிமை பெற்றார். 1903-இல் சாமுவேல் கோடி என்பவர் பட்டம் இழுத்த சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

ஆனால் கடலில் விழுந்த பட்டம் நீரில் நனைந்து கிடந்தால் அதை மீண்டும் ஏற்றுவது எப்படி? பிரான்சு நாட்டின் லெகேன்யூ சகோதரர்கள் இதற்கு விடை கண்டனர். காற்றடைத்த குழாய்களையே எலும்புக்கூடாகக் கொண்ட பட்டத்தை உருவாக்கி, 1984-இல் காப்புரிமை கோரினர். அது மிதக்கும்; நீரிலிருந்தே மீண்டும் எழும். 1990-களின் இறுதியில் ஹவாய்த் தீவுகளில் இவ்விளையாட்டு வேகமாக வளர்ந்தது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இதன் ஒரு வகை முதன்முறையாக இடம்பெற்றது.

காத்த கயிறே கண்ணைப் பறித்தது

பலகையைக் காலில் கட்டும் வழக்கம் அலைச்சறுக்கிலிருந்து வந்தது. கயிறு இல்லாத காலத்தில், விழுந்தவர் கரை வரை நீந்திச் சென்றுதான் பலகையை எடுக்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பாட் ஓநீல் என்ற இளைஞர் ரப்பர்க் குழாயாலான பிணைக்கயிற்றைப் பயன்படுத்திக் காட்டினார். நல்ல உபாயம்தான். ஆனால் இழுபட்ட ரப்பர் தனக்குள் ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. விடுபட்டதும் அவ்வளவையும் பலகைக்குக் கொடுக்கிறது. அவருடைய தந்தை ஜாக் ஓநீல், அவ்வாறு சுண்டித் திரும்பிய பலகை தாக்கி ஒரு கண்ணை இழந்தார்.

பட்டச் சறுக்கில் இந்த அபாயம் பன்மடங்கு. அலையில் விழுந்தவர் விழுந்த இடத்திலேயே மிதப்பார். இங்கோ பட்டம் மனிதரை இழுத்துக்கொண்டே ஓடும். பலகை நீரில் சிக்கிப் பின்தங்கும். இடையிலுள்ள கயிறு முறுக்கேறும். பலகை நீரை விட்டு விடுபட்ட மறுகணம், அது கவணிலிருந்து பாயும் கல்லைப் போலத் தலையை நோக்கி வரும். ஆகவேதான் பலகைக்குக் கயிறு வேண்டாம் என்று பயிற்சியாளர்கள் இன்று சொல்கிறார்கள். பட்டத்துக்கு உரிய பாதுகாப்புக் கயிறு வேறு. அதை விலக்கக் கூடாது.

உடலே ஏரா

கட்டாத பலகையை மீட்பது எப்படி? விழுந்தவரைப் பட்டம் காற்றடிக்கும் திசையில் இழுத்துப் போய்விடும். பலகை மெல்லத்தான் மிதந்து வரும். எனவே அது பெரும்பாலும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கும். நேரே அதை நோக்கிப் போகப் பட்டம் விடாது.

இங்கே பாய்மரத் தோணியின் பாடம் கைகொடுக்கிறது. தோணியின் அடியில் நீளவாட்டில் ஓடும் ஏராக்கட்டை, அது பக்கவாட்டில் தள்ளப்படுவதைத் தடுக்கிறது. முன்னே செல்வதைத் தடுப்பதில்லை. இதனால்தான் தோணி காற்றுக்குச் சாய்வாக எதிரேறுகிறது. சறுக்குபவரும் அதையே செய்கிறார். பட்டத்தை ஒரு பக்கமாகத் தாழ்த்துகிறார். ஒரு கையால் கைப்பிடிக் கோலைப் பிடித்து, மறு கையைச் செல்லும் திசையில் நீருக்குள் நீட்டி, உடலை விறைப்பாக ஒருக்களிக்கிறார். அந்தக் கையும் உடலும் ஏராவாகின்றன. சிறிது தூரம் சென்றதும் பட்டத்தை மறுபக்கம் திருப்பிக் கையையும் மாற்றுகிறார். ஒவ்வொரு வளைவிலும் கிடைக்கும் ஆதாயம் சிறிதே. ஆனாலும் வளைந்து வளைந்து சென்று பலகையை அடைந்துவிடலாம். பலகையைக் கொடுக்கும் முன்பே இந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பதுதான் நல்ல பயிற்சி.

எந்தக் காற்று, எந்தக் கரை?

வித்தை தெரிந்தால் மட்டும் போதாது. காற்றையும் கரையையும் அறிந்திருக்க வேண்டும். ஆதி செகந்நாதப் பெருமாள் கோயில் கொண்ட திருப்புல்லாணியை அடுத்தது சேதுக்கரை. இது தெற்கு நோக்கிய மன்னார் வளைகுடாக் கரை. தென்மேற்குப் பருவத்தின் சோழகக் காற்று இங்கே கடலிலிருந்து கரையை நோக்கிச் சாய்வாக வீசும். தவறிய பலகை இன்றில்லாவிட்டால் நாளை கரை ஒதுங்கலாம். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். தவறிய பலகை ஆழ்கடலை நோக்கிப் போகும். அதைத் துரத்துபவரும் கரையை விட்டு விலகிக்கொண்டே போவார். அந்தக் காலத்துக்கு ஏற்றது வடக்கே பாக் விரிகுடாக் கரைதான். வாடை அங்கே நிலத்தை நோக்கி வீசுகிறது. எந்தக் கரையானாலும், கைகள் சோர்ந்துவிட்டால் பலகையை விட்டுவிட்டுக் கரை சேர வேண்டும். பலகையை வாங்கிக்கொள்ளலாம், உயிரை வாங்க முடியாது.

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஓர் அடிக்கோலைத் தொட்டி நீருக்குள் நட்டக்குத்தலாக, அதன் விளிம்பு முன்னோக்கி இருக்கும்படி பிடியுங்கள். விளிம்பு செல்லும் திசையில் நகர்த்துங்கள், எளிதாக நகரும். அதே நிலையில் தட்டைப் பக்கமாகத் தள்ளுங்கள். நீர் எதிர்த்து நிற்கும். கட்டாத பலகையை மீட்டுத் தருவது இந்த எதிர்ப்புத்தான்.