ஆட்டுக் கொம்பும் சுறா வாலும்

மகர ராசிக்காரர் உழைப்பாளி, சிக்கனமானவர், மெதுவாக முன்னேறுவார், உணர்ச்சியை வெளிக்காட்ட மாட்டார், பின்வயதில்தான் சுகம். வாரப் பத்திரிகைகளில் இந்த வாசகம் சிற்சில மாற்றங்களுடன் பல பத்தாண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. இதை நம்புகிறவர்களும் சரி, பரிகசிக்கிறவர்களும் சரி, ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. வானத்தில் முப்பது பாகை அகலமுள்ள ஒரு துண்டுக்குச் ‘சிக்கனம்’ என்ற குணம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? ஜோதிடம் பலிக்குமா என்பது இங்கே விஷயமில்லை. ஒரு படிமம் அர்த்தமாகி, அந்த அர்த்தமும் வெறும் அடைமொழியாகத் தேய்ந்துபோன கதையைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது. குறியீடு பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் நம் சிறு வட்டத்துக்கு இதில் அக்கறை இருக்க நியாயம் உண்டு. கதையின் சில கட்டங்கள் புதுச்சேரியைத் தொட்டுச் செல்கின்றன என்பது கூடுதல் காரணம்.

புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளுள் ஒன்றில் ஓர் ஆணின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. அது ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் என்று 1937இல் ழுவோ-துப்ரேய் அடையாளம் கண்டார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது இத்தாலிய மட்கலங்களும் மதுச்சாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. மணியிலிருந்தவன் அகஸ்டஸ்தானா என்ற விவாதத்தைத் தொல்லியலாளரிடம் விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது, அந்த அரசனுக்கும் மகர ராசிக்கும் இருந்த உறவு.

அகஸ்டஸ் கி.மு. 63 செப்டம்பர் 23 அன்று பிறந்தவன். இன்றைய ஆங்கிலப் பத்திரிகைக் கணக்கில் அவன் துலாம். ஆனால் அவன் தன் சின்னமாக வைத்துக்கொண்டது மகரத்தை. இளம் வயதில் ஒரு ஜோதிடன் அவன் ஜாதகத்தைக் கணித்துவிட்டு அவன் காலில் விழுந்தான் என்றும், பின்னர் அகஸ்டஸ் தன் ஜாதகத்தை ஊரறிய வெளியிட்டு, மகரம் பொறித்த வெள்ளி நாணயம் அடித்தான் என்றும் சுவெட்டோனியஸ் எழுதுகிறான். அவன் பிறந்தபோது சந்திரன் மகரத்தில் நின்றதுதான் காரணம் என்று ஆய்வாளர் பலர் சொல்வர். கரு உண்டான காலத்துச் சூரியனைக் காரணமாகக் காட்டுவோரும் உண்டு. முதற்கருத்து சரியென்றால் அகஸ்டஸ் நம்மூர் ஜோசியர் பாஷையிலேயே மகர ராசிக்காரன். நாம் இன்றும் ஜன்ம ராசி என்று சொல்வது சந்திரன் நின்ற ராசியைத்தான். அவனுடைய நாணயத்து மகரம் முன்பாதி ஆடு, பின்பாதி மீன். சில நாணயங்களில் அது உலக உருண்டையைக் கால்களுக்கிடையே பிடித்திருக்கிறது. இந்த ஆட்டுமீன் ரோமர் கற்பனையன்று. பாபிலோனியர் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வானில் அதைக் கண்டவர்கள்.

குணம் எப்படிப் பிறக்கிறது என்பதற்குச் சாட்சி, அகஸ்டஸ் காலத்தை ஒட்டி வானியலைக் காவியமாக எழுதிய மானிலியஸ். மகரத்தில் பிறந்தவனின் இளமை காமத்துக்கும் குற்றத்துக்கும் ஆட்படும், முதுமையோ மேலானது என்கிறான். காரணம் ஏதாவது சொல்கிறானா? சொல்கிறான்: பின்பாதி மீனோடு சேர்ந்திருக்கிறதாம். அவன் நட்சத்திரங்களைப் படிக்கவில்லை, படத்தைப் படிக்கிறான். தலைப்பக்கம் ஆடு, ஆகவே இளமையில் துள்ளல். வால்பக்கம் மீன், ஆகவே முதுமையில் அமைதி. நம் பத்திரிகையின் ‘பின்வயதில் சுகம்’ என்ற வாசகம் இவனுக்குத் தூரத்து உறவு போலத்தான் ஒலிக்கிறது.

ராசிகள் பன்னிரண்டும் இந்தியாவுக்குக் கிரேக்க உலகிலிருந்து வந்தவை என்பதில் இன்று பெரிய கருத்து வேற்றுமை இல்லை. நம்முடையவை நட்சத்திரங்கள், அசுவினி முதலான இருபத்தேழு. யவன ஜாதகம் என்று பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் ஒரு வடமொழி நூலை டேவிட் பிங்கிரி 1978இல் பதிப்பித்தார். அதன் காலம் பற்றிய அவருடைய முடிவைப் பில் மாக் பின்னர் கேள்விக்குள்ளாக்கினார். அரிக்கமேட்டுக் கப்பல்கள்தாம் ராசியை இறக்குமதி செய்தன என்று சொல்ல ஆதாரமில்லை; அந்தக் கடல்வழிகளில் மதுவோடும் மணிகளோடும் வார்த்தைகளும் பயணம் செய்தன என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஹோரை, கேந்திரம் இரண்டும் கிரேக்கச் சொற்கள். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் தம் பிருஹத் ஜாதகத்தில் ராசிகளுக்கு வேறு சில பெயர்களும் தருகிறார். அவற்றில் மகரத்தின் பெயர் ‘ஆகோகேர’. ஐகோகெரோஸ் என்ற கிரேக்கச் சொல்லின் சிதைவு இது. பொருள், ஆட்டுக் கொம்பன்.

இங்கே நடந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆடு ஒலியாக மட்டும் மிஞ்சியது. உருவத்தின் இடத்தில் இந்தியா ஏற்கெனவே வைத்திருந்த ஒரு பிராணி, மகரம், வந்து உட்கார்ந்துகொண்டது. கங்கைக்கும் வருணனுக்கும் வாகனம், காமனுக்குக் கொடி, கோயில் தோரணத்தில் யானைத் துதிக்கையும் முதலைத் தாடையும் இலைக்கொடியாய் விரியும் வாலும் கொண்ட விநோதம். ஆனால் பழைய ஆடு முற்றிலும் சாகவில்லை. ராசி மகரத்துக்கு மான் முகம் என்று வராகமிகிரர் எழுதுகிறார். அந்த ராசியின் முற்பாதி நாற்கால் பிராணி, பிற்பாதி நீர்வாழ்வது என்று சாஸ்திரம் பிரிக்கிறது. சந்திரன் மகரத்தில் நிற்கப் பிறந்தவனுக்கு அவர் சொல்லும் குணங்களில் கீழுடல் மெலிந்திருப்பதும் ஒன்று. மீன்வாலை நினைத்துக்கொண்டால் இதற்கு வேறு விளக்கம் வேண்டாம். அதே பட்டியலில் குளிர் தாங்காதவன், சோம்பேறி, தர்மவான் என்று கொடி பிடிப்பவன், பேராசைக்காரன், வெட்கம் விட்டவன் என்பனவற்றுடன் கவிதை செய்பவன் என்பதும் இருக்கிறது. நம் வட்டத்தார் தத்தம் ஜாதகத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். பத்திரிகையின் உழைப்பாளி மகரம், வராகமிகிரரிடம் சோம்பேறி என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் இந்தப் பிராணியைத் தன் கடலில் தேடிச் சுறா என்று பெயர் வைத்தது. மகர ராசிக்குச் சுறவம் என்பது பழம்பெயர். தனித்தமிழ் நாட்காட்டிகள் இன்றும் தை மாதத்தைச் சுறவம் என்றே குறிக்கின்றன. பாபிலோனில் ஆட்டுமீன், கங்கைச் சமவெளியில் மகரம், சோழமண்டலக் கரையில் சுறா. வானத்துத் துண்டு ஒன்றுதான். பார்த்தவன் எந்தத் தண்ணீரோரம் நின்றான் என்பதைப் பொறுத்து உருவம் மாறியிருக்கிறது.

சரி, சிக்கனமும் நிதானமும் எங்கிருந்து வந்தன? உருவத்திலிருந்து வரவில்லை, அதிபதியிடமிருந்து வந்தன. மகரத்துக்கு அதிபதி சனி. ஏன் சனி என்பதற்கு, இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் இருந்து எழுதிய தாலமி பருவத்தைக் காரணம் காட்டுகிறார். வெப்பம் மிகுந்த கடகமும் சிம்மமும் சந்திரனுக்கும் சூரியனுக்கும். அவற்றுக்கு நேர் எதிரே குளிர்காலத்தில் இருக்கும் மகரமும் கும்பமும் குளிர்ந்தவனும் தொலைவில் சுற்றுபவனுமான சனிக்கு. ஆக மகரத்தின் குணமெல்லாம் மத்தியதரைக் கடலின் குளிர்காலம்: உடல் சுருங்கிக்கொள்கிறது, சேமித்ததை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டும், பேச்சுக் குறைகிறது, வசந்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். சிக்கனம், மௌனம், பொறுமை. அங்கே இவை அடைமொழிகளல்ல, அனுபவம்.

இந்த அனுபவம் புதுச்சேரிக்குப் பொருந்துமா? தட்சிணாயனம் முடியும் நாளின் நண்பகலில் அலெக்ஸாந்திரியாவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 35 பாகைதான் ஏறுகிறது. இங்கே 54 பாகைக்கு மேல். நம் தை மாதம் சுருங்கும் காலமன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பாகூர் வயல்களில் சம்பா அறுவடையாகி, புதுப்பானை பொங்குகிற காலம். தமிழன் மகரத்தைத் தானாகவே கண்டெடுத்திருந்தால் அதன் குணங்கள் பெருக்கமும் விருந்தும் கடன் அடைப்பும் கல்யாணப் பேச்சுமாக இருந்திருக்கும். நாம் வாழும் மகரம் ஒன்று, படிக்கும் மகரம் வேறொன்று. 2008இல் தமிழ்நாட்டில் தை முதல் நாளே புத்தாண்டு என்று சட்டம் வந்து 2011இல் நீக்கப்பட்டது. அந்தச் சண்டையில் இரு தரப்புக்கும் தை ஒரு பெருமையின் பெயராக இருந்ததே தவிர, சனியின் சோகம் யார் நினைவிலும் இல்லை.

ஆயினும் சனி நம்மிடம் வெறும் மொழிபெயர்ப்பாக நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் திருநள்ளாறு இருக்கிறது. சனியிடமிருந்து நளன் விடுபட்ட ஊர் என்பது ஐதிகம். 2020 டிசம்பர் 27 அன்று சனி தனுசிலிருந்து மகரத்துக்குப் பெயர்ந்ததாக அங்கே விழா நடந்தது. அது வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு; திருக்கணிதப்படி அதே ஆண்டு ஜனவரி 24 அன்றே பெயர்ச்சி முடிந்துவிட்டது. நளதீர்த்தத்தில் முழுகுகிறவனுக்குச் சனி ஒரு குணச்சித்திரமன்று. கடன், நோய், வழக்கு, வேலையின்மை ஆகியவற்றுக்கு அவன் கண்டுபிடித்த ஒரே பெயர் அது. அந்தப் பயத்தில் இருக்கும் உயிர் பத்திரிகைப் பலனில் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ராசியின் இன்னொரு முகத்தைக் கண்டார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புறப்பட்ட லெ ஜாந்தில், 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையேற முடியாமல், ஆடும் கப்பலில் இருந்து அதைக் காண நேர்ந்தது. எட்டாண்டு காத்து, 1769 ஜூனில் புதுச்சேரியிலேயே தயாராக நின்றபோது மேகம் மறைத்தது. அவருக்கு மிஞ்சிய லாபம், இங்கே ஒரு தமிழரிடம் கற்ற கிரகணக் கணிதம். நட்சத்திரங்கள் ஆண்டுக்கு 54 விகலை நகர்கின்றன என்ற கணக்கையும் இங்கே கேட்டுக் குறித்தார்; இன்றைய அளவு ஏறத்தாழ 50. இந்த நகர்ச்சியால்தான் உத்தராயணம் உண்மையில் டிசம்பர் 21, 22இல் தொடங்க, நாம் மகர சங்கராந்தியை ஜனவரி 14, 15இல் கொண்டாடுகிறோம். மேற்கத்திய மகரமும் நம் மகரமும் இன்று ஏறத்தாழ 24 பாகை தள்ளி நிற்கின்றன. டிசம்பர் கடைசியில் பிறந்த ஒருவனின் சூரியன் ஆங்கில ஜோதிடத்தில் மகரம், நம் பஞ்சாங்கத்தில் தனுசு. குணம் எந்தத் துண்டோடு போகும்?

இதே ஊரில் ஜான் வாரன் சந்தித்த ஒரு பஞ்சாங்கக்காரர், 1825 மே 31 இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தை, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிழை. சித்தாந்தம் அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். அந்தக் கணிதத்தில் மகரம் என்பது ஒன்பது ராசி கடந்த இடம், அவ்வளவே. கொம்பும் இல்லை, வாலும் இல்லை, சிக்கனமும் இல்லை. எண்ணாக இருந்தபோது ராசி பொய் சொல்லவில்லை. உருவமாக இருந்தபோதும் சொல்லவில்லை. உருவத்தையும் பருவத்தையும் கழற்றி எறிந்துவிட்டு அடைமொழியை மட்டும் வைத்துக்கொண்டபோதுதான் வியாபாரம் தொடங்கியது. 1930இல் லண்டன் சண்டே எக்ஸ்பிரஸில் ஆர். எச். நெய்லர் எழுதத் தொடங்கிய பிறகு, பிறந்த தேதி தெரிந்தால் போதும் என்ற வசதி உலகமெங்கும் பரவியது.

நம் விமர்சனத்திலும் ஒரு ராசிபலன் பகுதி இருக்கிறது. பாம்பு என்றால் காமம், மழை என்றால் மீட்சி, கண்ணாடி என்றால் சுயம் என்று பலன் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கவிஞர்களும் அதற்கேற்ப எழுதக் கற்றுக்கொண்டார்கள். புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் ஆத்திசூடியைப் புதிதாக எழுதிய பாரதி அதில் சோதிடத்துக்கு எதிராக ஒரு வரி வைத்தார். அந்த வரியை முதலில் நம் மீதே பிரயோகிக்கலாம்.

நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேலே விதானத்தில் ராசி மண்டலம் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டை முதலாகக் கொண்ட அதே மண்டலம். கணவன் பாசறையில் இருக்கிறான். வாடை வீசுகிறது. குளிரும் பிரிவும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அண்ணாந்து, சந்திரனை விட்டுப் பிரியாத ரோகிணியின் ஓவியத்தைப் பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள். ரோகிணி எதைக் குறிக்கிறாள் என்று புலவன் விளக்குவதில்லை. பலனும் சொல்வதில்லை. அவள் பார்த்தாள் என்பதை மட்டும் எழுதிவிட்டு, பாசறையில் காயம்பட்ட யானைகளுக்கும் வீரர்களுக்கும் நடுவே நள்ளிரவிலும் தூங்காமல் நடந்துகொண்டிருக்கும் அரசனிடம் போய்விடுகிறான்.