வறட்சியில் பிறந்த மினுமினுப்பு

பிரேசிலின் வடகிழக்கில் சியாரா, பியாவி, ரியோ கிராண்டே டோ நோர்ட்டே என்ற மாநிலங்களில் ஆண்டின் பாதிக்கு மேல் மழை எட்டிப்பார்ப்பதில்லை. அந்த வறண்ட நிலத்தின் ஆற்றோரங்களில் நிற்கிறது கார்னௌபா. பனை இனத்து மரம். விசிறியாய் விரிந்த அதன் ஓலை, நம் பனங்காட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. கோடை மாதங்களில் உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரமும் ஆவியாகிவிடாமல் இருக்க, அந்த மரம் ஓலையின் மேல் மெழுகைச் சுரந்து பூசிக்கொள்கிறது. மழை மிகுந்த ஊருக்குக் கொண்டுபோய் நட்டால் மரம் வளரும். ஆனால் வழித்தெடுக்கும் அளவுக்கு மெழுகு சேராது. கார் மெழுகுகளில் உயர்வாகப் பேசப்படுகிற கார்னௌபாவுக்கு இந்த வறட்சிதான் தாய்வீடு.

நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்தபடியே ஓலையை அறுக்கிறார்கள். குருத்தோலையைத் தனியாகவும் முற்றிய ஓலையைத் தனியாகவும் பிரித்துப் பல நாள் வெயிலில் காயப்போடுகிறார்கள். ஓலை சுருங்கச் சுருங்க, மேலிருக்கும் மெழுகு பொருக்காகிப் பொடியாக உதிரும். அடித்தும் தட்டியும் எடுத்தால் ஓர் ஓலைக்குச் சில கிராம்தான் தேறும். பொடியை உருக்கி, வடிகட்டி, ஆறவைத்தால் கல் மாதிரிக் கெட்டியான கட்டி கிடைக்கும். குருத்தோலை மெழுகு வெளிர்மஞ்சள். அதற்குத்தான் மதிப்பு அதிகம். இந்த அறுவடையில் கூலியாட்களை அடிமைகள் போல நடத்திய இடங்களைப் பிரேசில் தொழிலாளர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து ஆட்களை மீட்டிருக்கிறார்கள். டப்பாவின் மேல் ‘கார்னௌபா’ என்று பெரிதாக அச்சிடுகிற கம்பெனி, அது யார் கையால் எந்த நிலையில் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

காருக்கு மெழுகு ஏன் தேவைப்பட்டது? தொடக்க காலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசுவது போலவே வார்னிஷ் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். 1920களில் டூபான்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ லாக்கர் வந்து அதை மாற்றியது. 1924ஆம் ஆண்டு மாடல் ‘ஓக்லண்ட்’ கார்கள் அந்தப் பூச்சோடு நீல நிறத்தில் வெளிவந்தன. பெயின்ட் சீக்கிரம் காய்ந்தது, விதவிதமான நிறங்களும் கிடைத்தன. ஆனால் வெயிலில் நின்றால் லாக்கர் மங்கி, வெளுத்து, சுண்ணாம்புப் பொடி படிந்தது போலாகிவிடும். தேய்த்து மெழுகு போட்டால்தான் பழைய முகம் திரும்பும்.

சிகாகோவின் ‘சைமனைஸ்’ மெழுகு அதற்கு முன்பே, 1910 வாக்கிலேயே கடைக்கு வந்திருந்தது. விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் எஸ்.சி. ஜான்சன் கம்பெனி மரப்பலகைத் தரை விற்றுக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் ‘இதை எப்படிப் பராமரிப்பது?’ என்று கேட்கப்போய், அது மெழுகுக் கம்பெனியாகவே மாறிவிட்டது. அந்தக் குடும்பத்தின் எச்.எஃப். ஜான்சன் ஜூனியர் 1935இல், நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி விமானத்தில் பிரேசிலுக்கே பறந்தார். கார்னௌபா தடையின்றிக் கிடைக்குமா என்று நேரில் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனார்.

அந்த மரத்தின் மேல் அப்படி என்ன பித்து? தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கார்னௌபா 82க்கு மேல்தான் இளகும். உச்சிவெயிலில் கையை வைக்க முடியாமல் கொதிக்கிற பானெட்டின் மேல் இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் அதே கெட்டித்தன்மைதான் தொல்லையும். தனியாக அதைத் தடவவே முடியாது. டர்பன்டைன் போன்ற கரைப்பான்களும் மிருதுவான மெழுகுகளும் சேர்த்துக் குழைக்க வேண்டும். பூசி, உலரவிட்டு, தோள்பட்டை வலிக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு காருக்கு அரைநாள் போய்விடும்.

1940களின் தொடக்கத்தில் சிகாகோவில் பெஞ்சமின் ஹிர்ஷ் என்பவர், வீட்டுக் குளியல் தொட்டியில் திரவ மெழுகைக் கலக்கி ‘பிளாஸ்டோன்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். மனைவி மேரி துணை நின்றார். தெருவில் நிற்கிற யாரோ ஒருவர் காரில் ஒரே ஒரு மட்கார்டை மட்டும் பளபளக்க வைத்துவிட்டு, சொந்தக்காரர் வரும்வரை ஹிர்ஷ் காத்திருப்பாராம். மிச்சக் காரைப் பார்த்தவர் பாட்டிலை வாங்காமல் போவாரா? அந்தப் பிளாஸ்டோன்தான் பிறகு டர்டில் வாக்ஸ் ஆனது.

மெழுகு போடுவது இப்படிக் கொஞ்சம் சுலபமானாலும், போட்ட மெழுகு நிலைக்கவில்லை. அந்தப் படலம் மிக மெலிது. வெயிலும் மழையும் சோப்பும் அதைச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தின்றுவிடும். ஒரு மெழுகுக்கும் அடுத்த மெழுகுக்கும் நடுவில் என்ன செய்வது? பெரும்பாலோர் செய்தது, உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தது. தூசி என்பது நுண்ணிய மணல். துணி அதைப் பெயின்டின் மேல் இழுத்துக்கொண்டு போகும்போது, வெயிலில் சிலந்திவலை போலத் தெரிகிற கீறல்கள் விழும். மெழுகைக் காப்பாற்றப் போய்ப் பெயின்டையே தேய்த்துவிடுகிறோம்.

இந்தச் சிக்கலின் கூர்மையைக் கார் கண்காட்சிக்காரர்கள்தான் முழுதாக உணர்ந்தார்கள். கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950 முதல் கார்களின் அழகுப் போட்டி நடக்கிறது. வீட்டில் கழுவி மெழுகிட்டுக் கொண்டுவந்த கார், புல்வெளியை எட்டும்போது தூசி படிந்திருக்கும். பார்க்க வருகிறவர்களின் விரல்ரேகையும் ஏறும். அங்கே வாளித் தண்ணீர் ஊற்ற முடியாது, உலரத் துடைக்கவும் கூடாது. அந்த நெருக்கடிக்கு ஏற்ற விடைதான் தெளிப்பு பாட்டில். 1901இல் இந்தியானாவில் ஃபிராங்க் மெகுவையர் மரச்சாமான் பாலிஷ் காய்ச்சித் தொடங்கிய மெகுவையர்ஸ் கம்பெனி, ‘ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்’, ‘குயிக் டீடெய்லர்’ என்று இந்த வகையில் பாட்டில்களைக் கொண்டுவந்தது.

இந்த வகைத் திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். வழுக்கலுக்கும் மினுக்கத்துக்கும் கொஞ்சம் சிலிகோன் போன்ற பாலிமர்கள். சிலவற்றில் தண்ணீரில் கரையாமல் மிதக்கும்படி பிணைத்த மெழுகுத் துளிகளும் உண்டு. புகைபோலத் தெளித்தால் தூசியைச் சுற்றி ஈரம் சூழ்ந்து, பெயின்டுக்கும் தூசிக்கும் நடுவில் வழுக்கும் படலம் ஒன்று உண்டாகும். துணி அப்போது தூசியை உரசாமல் ஏந்திக்கொண்டு வரும். இந்த முறையின் உயிர் அந்த வழுக்கல்தான். மெழுகு கொஞ்சம் சேர்வது கூடுதல் லாபம், அவ்வளவே. கடைக்காரர்கள் மினுக்கத்தை முன்னால் வைத்து விற்கிறார்கள். நான் வழுக்கலைத்தான் முன்னால் வைப்பேன்.

பாட்டிலுக்கு ஜோடியாக வந்த துணிக்கும் வேரூன்றிய வரலாறு உண்டு. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ மிக நுண்ணிய இழைகளை உருவாக்கினார். அதிலிருந்து முதலில் வந்தது, மான்தோல் போன்ற ஆடைத்துணி. பாலியெஸ்டரும் நைலான் வகையும் சேர்ந்த இழையைப் பல கீற்றாகப் பிளந்து செய்கிற துடைப்புத் துணிகள் பின்னால் பரவின. பிளந்த இழைகளின் இடுக்கில் தூசி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். இந்தத் துணியைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கி ஊற்றினால் இடுக்குகள் அடைபட்டு, துணி வெறும் கந்தலாகிவிடும்.

சென்னை அடுக்குமாடிகளில் விடிகாலையில் ஒரே மஞ்சள் துணியோடு பத்துக் கார்களைத் துடைக்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. குற்றம் அவர்களுடையது அல்ல. வேறு துணியோ தண்ணீரோ அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? அவர்கள் வாளிக்குள் ஊற்றிக்கொள்ளும் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது காரின் மேலே உலர்ந்தால் வெள்ளை வட்டங்களாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் உலரும் முன்பே துடைக்க வேண்டும், நிழலில் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு மெழுகும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பதில் காருக்கென்று விற்கிற மிதமான ஷாம்புவே நல்லது. காக்கை எச்சத்தைக் கண்டதும் தெளித்து, ஊறவிட்டு, எடுத்துவிட வேண்டும். வெயிலில் விட்டால் அதன் அமிலம் மெழுகைத் தாண்டிப் பெயின்டைத் தின்னும்.

சேறு அப்பியிருந்தால் தெளிப்பை நாடவே கூடாது. தூசி மெல்லிய பொடியாக இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். மண் ஒட்டியிருந்தால் முதலில் நன்றாகக் கழுவியாக வேண்டும். முழு மெழுகு எப்போது தேவை என்பதைத் தண்ணீரே சொல்லும். கொஞ்சம் நீரை பானெட்டில் விட்டுப் பாருங்கள். தனித்தனி முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. முத்துகள் தட்டையாகி ஒன்றோடொன்று கலந்து படலமாகப் பரவினால், தெளிப்பால் சமாளிக்கும் காலம் முடிந்தது. டப்பாவைத் திறக்க வேண்டியதுதான்.