பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சொத்து: கவனிக்காமல் விட்டால் திரும்ப வாங்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

"காடு, வீடு ரெண்டையும் பையன் பேர்ல எழுதி வெச்சாச்சு. இனி நம்மகிட்ட என்ன இருக்கு?" பெரம்பலூர், அரியலூர் பக்கம் வயசானவங்க வாயில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். சர்க்கரை ஆலையால் பேர் வாங்கிய ஊர் எறையூர். இப்போது அங்கே சிப்காட் தொழிற்பூங்காவும் வந்துவிட்டது. காலணித் தொழிற்பூங்காவுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படி ஒரு ஊரில் கரும்பும் மக்காச்சோளமும் போட்ட நிலத்துக்கு மவுசு கூடும்போது, "இப்பவே எழுதிக் கொடுத்துடுப்பா" என்ற பேச்சும் வீட்டுக்குள் வரத்தான் செய்யும்.

எழுதிக் கொடுத்த பிறகு சோறு போடவில்லை, மருந்து வாங்கித் தரவில்லை என்றால்? பத்திரம் பதிவாகிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல.

எந்தச் சட்டம்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. நாடு முழுவதுக்குமான மத்திய சட்டம் இது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2009-ல் வந்தன. 60 வயது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள். பெற்றோருக்கு அந்த வயது வரம்பும் கிடையாது. 55 வயது அம்மாவும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் மனு கொடுக்கலாம். பெற்ற தாய் தந்தை மட்டுமல்ல, தத்தெடுத்தவர்களும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையும் இதில் அடக்கம்.

யாருக்குப் பொறுப்பு?

மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் உண்டு. 18 வயது நிறைந்த பேரன், பேத்திக்கும் உண்டு. பிள்ளை இல்லாதவர்களுக்கு, அவர்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினர் பொறுப்பு. உணவு, உடை, தங்குமிடம், மருத்துவம் எல்லாம் சேர்ந்ததுதான் 'பராமரிப்பு' என்கிறது சட்டம்.

நாலு பிள்ளைகள் இருந்து ஒருவர் மீது மட்டும் மனு கொடுத்தால், "மத்தவங்களையும் கூப்பிடுங்க" என்று அவர் கேட்கலாம்.

எங்கே போய் மனு கொடுக்கணும்?

கோர்ட்டுக்கு அல்ல. ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய் கோட்டாட்சியர்தான் இதற்கான தீர்ப்பாயத்தின் தலைவர். எறையூர்க்காரர்கள் என்றால் பெரம்பலூருக்குப் போகணும். அங்கே சப்-கலெக்டர் பொறுப்பில் இருந்தால் அவரிடம் கொடுக்கலாம்.

பையன் சென்னையிலோ திருப்பூரிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். சிங்கப்பூர், துபாய் என்று வெளிநாட்டில் இருப்பவருக்கும் சம்மன் அனுப்ப சட்டத்தில் வழி இருக்கிறது.

நேரில் போக முடியாதவர்கள், தங்களுக்குப் பதிலாக இன்னொருவரையோ ஒரு தொண்டு அமைப்பையோ மனு கொடுக்கச் சொல்லலாம். யாரும் மனு கொடுக்காவிட்டாலும் தகவல் தெரிந்து தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எவ்வளவு நாளில் முடியும்? எவ்வளவு கிடைக்கும்?

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளில் இருந்து 90 நாளுக்குள் முடிக்கணும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள், அதுவும் ஒரே ஒரு முறை. நடுவில் சமரச அலுவலரிடம் அனுப்பிப் பேச வைப்பதும் உண்டு. விசாரணை முடியும்வரை இடைக்கால உதவித்தொகை கேட்கலாம்.

மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம். 2007-ல் வைத்த வரம்பு இது. இதை எடுத்துவிட்டு, மருமகன், மருமகளையும் பொறுப்பில் சேர்க்க 2019-ல் மக்களவையில் திருத்த மசோதா வந்தது. ஆனால் சட்டமாகவில்லை.

உத்தரவு வந்தும் பணம் தரவில்லை என்றால் தீர்ப்பாயம் வாரன்ட் பிறப்பிக்கலாம். அப்படியும் கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஒரு விஷயத்தில் கவனம் தேவை: பணம் வரவேண்டிய தேதியில் இருந்து மூன்று மாதத்துக்குள் வசூல் மனு கொடுத்துவிடணும்.

சரி, எழுதிக் கொடுத்த சொத்து?

இதற்குத்தான் பிரிவு 23. "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அடிப்படைத் தேவைகளைக்கூடச் செய்ய மறுத்தால், அந்தப் பத்திரம் மோசடியாகவோ வற்புறுத்தியோ வாங்கப்பட்டதாகக் கருதப்படும். அதை ரத்து செய்ய தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தான செட்டில்மென்ட் பத்திரமும் இதில் வரும். ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதியதாக இருக்கணும்.

சிக்கல் எங்கே என்றால், நம் ஊரில் பெரும்பாலான செட்டில்மென்ட் பத்திரங்களில் "அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்" என்றுதான் இருக்கும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரிகூட இருக்காது. பெற்ற பிள்ளையிடம் போய் நிபந்தனை போடுவதா என்ற தயக்கம்தான் காரணம். அந்த ஒரு வரி இல்லாததால்தான் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

2022 டிசம்பர்: நிபந்தனை இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும், சும்மா எழுதிக் கொடுத்தது மட்டும் போதாது என்றது உச்ச நீதிமன்றம்.

2025 ஜனவரி: மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் 2019-ல் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதினார். கடைசி வரை பார்த்துக்கொள்வதாக மகன் தனியே ஒரு உறுதிமொழியும் எழுதித் தந்திருந்ததாகத் தாய் தரப்பு சொன்னது. பத்திரத்தில் நிபந்தனை இல்லை என்று உயர் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இது முதியவர்களுக்காக வந்த நலச் சட்டம், அதன் நோக்கம் நிறைவேறும்படி தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி தானத்தை ரத்து செய்தது. சொத்தைத் தாயிடமே ஒப்படைக்கவும் உத்தரவிட்டது.

2025 மார்ச்: இது நம் பக்கத்து வழக்கு. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த 87 வயது மூதாட்டி, மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி மகனுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்தார். மகன் இறந்த பிறகு மருமகள் கவனிக்கவில்லை என்று ஆர்.டி.ஓ.விடம் போனார். பத்திரம் ரத்தானது. அதை எதிர்த்து மருமகள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், கே.ராஜசேகர் அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. அன்பையும் பாசத்தையும் காரணமாகக் காட்டி எழுதிய பத்திரத்திலேயே, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை மறைமுகமாக இருக்கிறது, வெளிப்படையாக எழுதித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றது.

ஆக, அந்த வரி இல்லாத பத்திரத்தை வைத்திருப்பவர்களும் மனு கொடுக்கலாம். ஆனால் அந்த வரி இருந்தால், "நிபந்தனையே இல்லையே" என்ற வாதத்துக்கே இடமில்லை. வருஷக்கணக்கில் அலையாமல் தப்பிக்கலாம்.

கையெழுத்து போடும் முன் கவனிக்க வேண்டியவை

• உயிலா, செட்டில்மென்ட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்டை நினைத்தபடி மாற்ற முடியாது.

• செட்டில்மென்ட்தான் என்று முடிவு செய்தால், உணவு, இருப்பிடம், மருத்துவச் செலவு, தவறினால் பத்திரம் ரத்து என்பதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

• உங்கள் ஆயுள் உள்ளவரை வீட்டில் குடியிருக்கவும், நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை வைத்து எழுதலாம்.

• வெற்றுத் தாளிலும், படித்துக் காட்டாத பத்திரத்திலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்து யாரிடமும் கொடுக்காதீர்கள்.

• ஏற்கெனவே கொடுத்துவிட்டு ஏமாந்திருந்தால் தாமதிக்காதீர்கள். சொத்து மூன்றாவது ஆளிடம் விற்கப்பட்டுவிட்டால் மீட்பது கடினமாகும். பத்திர நகல், மருத்துவ ரசீதுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தால், துரத்தினால்?

கவனிக்க வேண்டிய பொறுப்பில் இருப்பவர் முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டால் அது குற்றம். பிரிவு 24-ன்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக வழக்கு பதியலாம். அடி, மிரட்டலுக்கு வழக்கமான குற்றவியல் சட்டங்களும் இருக்கின்றன. வீட்டுக்குள் கொடுமைக்கு ஆளாகும் அம்மா, மாமியார் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் நாடலாம்.

தீர்ப்பாயத்தின் உத்தரவில் திருப்தி இல்லை என்றால், முதியவர் 60 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மற்ற நாடுகளில்?

சிங்கப்பூரில் 1995-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. இலங்கையில் 2000-ம் ஆண்டின் 9-ம் எண் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்க அங்கே தனி வாரியமும் உண்டு.

யாரைக் கூப்பிடலாம்?

14567: மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண். கட்டணம் இல்லை.
15100: இலவச சட்ட உதவி.
112: உடனடி ஆபத்து என்றால்.

மாவட்ட சமூக நல அலுவலரிடமும் உதவி கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இந்த எண்கள் தெரியாமல் இருக்கலாம். ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க.