பெரகலை இறக்கமும் நியூட்ரல் கியரும்: ஊவாவில் பெற்றோல் மிச்சம் பிடித்த கதை

 

போன வாரம் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. கொழும்புக்குப் பழைய காரில் போகிற ஒரு தம்பி, பெற்றோல் மிச்சம் பிடிக்க என்ன வழி என்று கேட்டார். மூத்தவர் ஒருவர் உடனே, "அப்புத்தளை தாண்டியதும் நியூட்ரலில் போட்டு விடுங்க மகன், பலாங்கொடை வரைக்கும் சும்மா போகலாம்" என்றார். இன்னொருவர், "நானா, அது ஆளைக் கொல்கிற வேலை" என்றார். நாற்பது, ஐம்பது மெசேஜ் ஓடியது, முடிவு வரவில்லை. நான் படிப்பிப்பது வரலாறு. வரலாற்றுப் பக்கமாகப் பார்த்தால் இருவர் பேச்சிலும் விஷயம் இருக்கிறது. அதை அங்கே எழுத இடம் போதாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஒரு பிளேன்டீ போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

ஊவாவில் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் கதை காரோடு தொடங்கவில்லை. கண்டி இராச்சிய காலத்தில் கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறியது பொதி மாடுகளின் முதுகில். அதற்குத் 'தவளம்' என்று பெயர். அந்தப் போக்குவரத்தைக் கவனித்த அரச பிரிவு 'மடிகே பத்த'. அதில் நம் முஸ்லிம் முன்னோர்கள் பெருந்தொகையாக வேலை செய்தார்கள். ஊவாவில் இன்றிருக்கும் பல பழைய முஸ்லிம் குடும்பங்களின் வேர் தேடினால் எங்கேயோ ஒரு பொதி மாடு நிற்கும். மாட்டுக்கு எரிபொருள் புல்லும் தண்ணீரும்தான். ஏற்றத்தில் மாடு களைத்துவிட்டால் அடித்துப் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்கும் நம் தம்பிமாருக்கு அது இன்னும் தெரியவில்லை, அது வேறு கதை.

பிறகு ஆங்கிலேயர் பாதை போட்டார்கள். பதுளையில் சென்ட் மார்க் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. பதுளையில் அரச அதிகாரியாக இருந்தவர், யானைகளைக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியவர், 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். கோப்பியும் அதன் பின் தேயிலையும் மாட்டுக் கரத்தையில் இறங்கின. ரயில் பாதை 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் நம் மலைதான். மலைநாட்டு ரயில் பாதையின் கடுமையான ஏற்றம் 44 அடிக்கு 1 அடி. அதற்கு மேல் போனால் இஞ்சின் இழுக்காது, நிலக்கரி வீணாகும். தெமோதரையில் பாதை ஒரு வட்டமடித்துத் தன் ஸ்டேஷனுக்குக் கீழேயே நுழைந்து போகிறதே, அது சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கச் செய்ததல்ல. சரிவைக் குறைக்கச் செய்தது.

இனி காருக்கு வருவோம். பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர். ஹாலிஎல, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு ஏறினால் சுமார் 1430 மீற்றர். அங்கிருந்து பெரகலை, ஹல்தும்முல்லை, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி என்று ஒரே இறக்கம். அதாவது கொழும்புக்குப் போகிற நாம் முதலில் குளிர்ந்த இஞ்சினோடு 750 மீற்றர் ஏறுகிறோம், பிறகு 1300 மீற்றர் இறங்குகிறோம். வரும்போது மறுபக்கம். ஐந்து பேரோடு சுமார் 1300 கிலோ நிறையுள்ள காரை இரத்தினபுரியிலிருந்து அப்புத்தளைக்குத் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு லீற்றர் பெற்றோல் மேலதிகமாகப் போகும். இது நான் கடதாசியில் போட்ட கணக்கு, விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தது. அப்படித் தூக்கிய சக்தியை இறங்கும்போது சும்மா விடுவானேன் என்று நம் பெரியவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

அவர்களை அப்படி நினைக்க வைத்த காலத்தைப் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. அமைச்சர் டி. பி. இலங்கரத்ன. ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகியவற்றின் சொத்துகள் அரசின் கைக்கு வந்தன. நட்டஈட்டுத் தகராறில் 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. சோவியத் எண்ணெய் வந்தது. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் வந்தது. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்த நேரத்தில்தான் 1973 ஒக்டோபர் போர். பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டொலர் அளவுக்குப் போனது. அமெரிக்காவே 1974 ஜனவரியில் நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலாகக் குறைத்துச் சட்டம் போட்டது என்றால் நம் நிலையை யோசியுங்கள்.

நம்மிடம் டொலர் இல்லை. டொலர் கொண்டுவந்தது பெரும்பாலும் தேயிலை. கொழும்பில் ஒருவர் காரில் ஊற்றிய பெற்றோலுக்கு விலை கொடுத்தது பசறையிலும் மடுல்சீமையிலும் கொழுந்து பறித்த கைதான். அந்த 1973, 74இல் தோட்டங்களில் மாவில்லை, அரிசியில்லை, பட்டினியால் மரணங்கள் கூடின. லயத்து மக்களுக்குப் பெற்றோல் விலை ஒரு செய்தியே அல்ல, அவர்களிடம் கார் ஏது? நோயாளியைத் தோட்ட லொறியில் ஏற்றும்போது மட்டும் அது அவர்கள் வாசலுக்கு வரும். கார் வைத்திருந்த நம் கடைக்காரக் குடும்பங்களின் நினைவில் அது பெற்றோல் பஞ்சம், லயத்தின் நினைவில் சோற்றுப் பஞ்சம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

புதுக் கார் இறக்குமதியும் அப்போது கடும் கட்டுப்பாட்டில். 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும்தான் தட்டித் தட்டி ஓட்டினார்கள். ஒரு தோட்டத்தில் துரையின் ஒஸ்டின் காரை ஓட்டி ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் 2022 வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றார். அவர் சொன்னது: "சேர், நாங்க அப்புத்தளையில சாவிய ஓப் பண்ணினா பெரகலையிலதான் திரும்பப் போடுவோம்." பெருமையோடுதான் சொன்னார்.

அந்தப் பெருமையில் நியாயம் இருந்தது. அந்தக் கார்களில் கார்பரேட்டர். அக்ஸிலரேட்டரை விட்டாலும் கியரில் இஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கார்பரேட்டர் வழியாகக் கொஞ்சம் பெற்றோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் போட்டால் அது குறையும், சாவியை மூடினால் முழுதாய் நிற்கும். இன்னொன்றும் முக்கியம். மொரிஸ் மைனரின் பிரேக் ஓட்டுநரின் கால் பலத்தால் மட்டும் வேலை செய்தது. இஞ்சினின் வெற்றிடத்தால் உதவி செய்யும் பூஸ்டர் அதில் இல்லை. சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை. இஞ்சின் ஓடினாலும் நின்றாலும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஒரே மாதிரி. வீதியில் வாகனமும் குறைவு. ஆகவே அந்த ஐயாவின் பழக்கம் ஆபத்தானதுதான், ஆனால் அவருடைய வண்டிக்குப் பொருந்திய ஆபத்து.

பழக்கம் பிள்ளைகளுக்கு வந்தது, கார் மாறிவிட்டது. இதுதான் பிரச்சினை. இன்று 'பழைய கார்' என்று நாம் சொல்வது ட்ராட் சனி, லான்சர் பொக்ஸ், பழைய கொரொல்லா. இவற்றில் பிரேக் பூஸ்டர் உண்டு. இஞ்சின் நின்றால் இரண்டு மூன்று தடவை மிதிக்கும் அளவுக்குத்தான் வெற்றிடம் மிஞ்சும், பிறகு பெடல் கல் மாதிரி. சாவியை முழுதாய்த் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகும். பெரகலை வளைவில் இதெல்லாம் ஒன்றாக நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நியூட்ரல் மட்டும் போட்டால்? இஞ்சின் ஓடுகிறது, பூஸ்டர் வேலை செய்யும். ஆனால் இஞ்சின் பிடித்து வைத்திருந்த பாரம் முழுவதும் பிரேக்குக்கு வந்துவிடும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறும், சூடேறினால் பிடிப்புக் குறையும், எண்ணெய் பழையதாயிருந்தால் அது கொதித்து பெடல் தரைக்குப் போகும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். அதன் காரணத்தை நான் இங்கே பேசவில்லை. நம் இறக்கங்கள் தவறை மன்னிக்கும் இறக்கங்கள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, அந்த நியூட்ரல் மிச்சமும் பல கார்களில் இப்போது இல்லை. கார்பரேட்டர் போய் EFI என்று நாம் சொல்லும் 'ஈ.எஃப்.ஐ.' வந்த பிறகு, கியரில் வைத்து அக்ஸிலரேட்டரை முழுதாய் விட்டால் கம்பியூட்டர் பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ இஞ்சின் அணையாமல் இருக்க அது பெற்றோல் குடித்தாக வேண்டும், மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை. அதாவது ஈ.எஃப்.ஐ. காரில் நியூட்ரல் போடுகிறவர் மிச்சம் பிடிக்கவில்லை, செலவழிக்கிறார். கார்பரேட்டர் காரில் கொஞ்சம் மிஞ்சும், இறக்கம் முழுவதற்கும் சேர்த்து ஒரு சில தேநீர்க் கோப்பை அளவு. அதற்காகவா இத்தனை பேர் உயிர்? உங்கள் காரில் எது என்று தெரியாவிட்டால் பொனட்டைத் திறந்து பாருங்கள். இஞ்சினுக்கு மேலேயே சட்டி மாதிரி வட்டமான எயார் கிளீனர் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் கார்பரேட்டர். இல்லாவிட்டால் கராஜில் கேளுங்கள்.

பஞ்சம் வந்தால் மனிதன் எதையும் செய்து பார்ப்பான் என்பதும் உண்மை. இரண்டாம் உலகப் போரில் தமிழ்நாட்டில் பெற்றோல் கிடைக்காமல் பஸ்களின் பின்னால் கரியடுப்புக் கட்டி, கரி வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அந்த அடுப்பைச் செய்து விற்றது. இங்கே 2022இல் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய முச்சக்கர வண்டிகளின் புகை உங்களுக்கு மறந்திருக்காது.

அந்த 2022ஐ இளையவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன், பத்து வருஷத்தில் மறந்துவிடுவார்கள். 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் 26இல் 470 ரூபா. மறுநாள், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பாடசாலைகள் மூடின. ஜூலை 25இல் திறந்தபோது திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும். கியூ.ஆர். முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, முச்சக்கர வண்டிக்கு 5. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் ஒரு பழைய கார் 20 லீற்றரில் 240 கிலோமீற்றர் போகும். பதுளையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 230. போகலாம், திரும்ப முடியாது! மஹரகமவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போக வேண்டியவர்கள் அந்த நாட்களில் பட்ட பாடு நம் ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் தன் கோட்டாவைக் கொடுத்தார், இன்னொருவர் கேனில் கொடுத்தார். முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று யாரும் பார்க்கவில்லை. கோட்டா முறை 2023 செப்டெம்பர் 1இல் நீங்கியது.

தேயிலைக்கும் எண்ணெய்க்கும் உள்ள அந்தப் பழைய முடிச்சும் அவிழவில்லை. ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனை, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுக்க 2021 டிசம்பரில் உடன்பட்டோம். கொழுந்துக் கூடை மறுபடியும் பெற்றோல் கடன் கட்டியது. அதைக் கட்டியவர்களின் நாட்சம்பளம் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

சரி, கேட்ட தம்பிக்கு என் பதில். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். ஒட்டோ கியர் காராயிருந்தால் D-யில் விடாமல் '2' அல்லது 'L'க்கு மாற்றுங்கள். உண்மையான மிச்சம் இறக்கத்தில் இல்லை, இரத்தினபுரிக்கு அப்பால் உள்ள சமவெளியில் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 60இல் போகும் கார் 100இல் போனால் அந்த எதிர்ப்பு 2.8 மடங்கு. இந்தியாவின் பெற்றோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல வருஷமாக 45 முதல் 55 கிலோமீற்றர் வேகத்தையே சிபாரிசு செய்கிறது. நம் வீதியில் 60 வைத்தால் போதும், பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்கு வழி விடுங்கள். வெல்லவாய வழியாக மத்தளைக்குப் போய் அதிவேகப் பாதையில் ஏறுவது சொகுசு, நேரமும் மிச்சம், ஆனால் தூரம் 300 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். பழைய காரை அங்கே 100இல் ஓட்டினால் பெற்றோல் கணக்கைப் பார்க்காமலிருப்பது நல்லது. டயர் காற்றைக் காலையில், டயர் சூடாக முன் பாருங்கள். வெறும் கரியரைக் கூரையிலிருந்து கழற்றி வையுங்கள். சுபஹுத் தொழுது கையோடு கிளம்பினால் அவிசாவளை நெரிசலுக்கு முன் போய்விடலாம்.

2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தாலும், அந்த விலையில் வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? இன்னும் பல வருஷத்துக்குப் பழைய கார்தான். ஆகவே உங்கள் வீடுகளில் அந்தக் காலத்துத் தோட்ட லொறி, கார்களின் ரன்னிங் சார்ட், பெற்றோல் பில், படம் எதுவும் இருந்தால் கொமெண்டில் போடுங்கள். என் மாணவர்களுக்கு அதை வைத்து ஒரு பாடம் செய்ய ஆசை. மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களும் கூச்சப்படாமல் எழுதலாம்.

வஸ்ஸலாம்.