சபை வளர்த்த குரல்: கார்ல் பீனும் ஒரு டிஸ்கோ பாட்டும்

ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, பாடியவருக்கா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ‘ஐ வாஸ் பார்ன் திஸ் வே’தான் ஞாபகம் வரும். ‘நான் பிறந்ததே இப்படித்தான்’ என்று அர்த்தம்.

வரிகளை எழுதியவர் பன்னி ஜோன்ஸ். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் அழகு நிலையம் நடத்திய கறுப்பினப் பெண். அவர் தற்பாலீர்ப்பாளர் அல்ல. தன்னிடம் வேலை பார்த்த தற்பாலீர்ப்பு இளைஞர்கள் பட்ட பாட்டைப் பார்த்து எழுதினார். மெட்டு கிறிஸ் ஸ்பியரர். 1975இல் வேலன்டினோ என்ற பாடகரின் குரலில் முதலில் வெளிவந்தது. இரண்டு வருஷம் கழித்து மோடவுன் நிறுவனம் அதே பாட்டைக் கார்ல் பீனிடம் கொடுத்தது.

பீன் 1944இல் பால்டிமோரில் பிறந்தவர். பாப்டிஸ்ட் சபையில் பாடி வளர்ந்தவர். தான் யார் என்பது வீட்டில் தெரியவந்தபோது, பதின்ம வயதிலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிழைத்தார். பிறகு நியூயார்க் போய் காஸ்பல் குழுக்களில் பாடினார். ஆக, அந்தப் பாட்டு அவர் கைக்கு வந்தபோது அதிலிருந்த வாழ்க்கையை அவர் ஏற்கெனவே வாழ்ந்து முடித்திருந்தார்.

பீனின் பதிவைக் கேட்டுப் பாருங்கள். தாளம் டிஸ்கோ, நடன அரங்குக்கானது. குரலோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்பவரின் குரல். சபை எந்தக் குரலை வளர்த்ததோ, அதே குரல்தான் சபை கேட்க மறுத்த விஷயத்தையும் சொன்னது. பன்னி ஜோன்ஸ் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியதை, பீன் உள்ளேயிருந்து பாடினார். இந்தக் கூட்டுழைப்பின் பலமே அதுதான் என்று நினைக்கிறேன்.

பாட்டு நடன அரங்குகளில் பிரபலமான பிறகு பீன் என்ன செய்தார் தெரியுமா? ஊழியத்துக்குப் போனார்! 1980களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் யூனிட்டி ஃபெலோஷிப் சபையைத் தொடங்கினார். கறுப்பினத் தற்பாலீர்ப்பாளர்கள் ஒளிந்துகொள்ளாமல் ஜெபிக்க ஓர் இடம். எய்ட்ஸ் பரவிய 1985இல், கறுப்பின, லத்தீன் மக்களுக்காக ‘மைனாரிட்டி எய்ட்ஸ் புராஜெக்ட்’டையும் ஆரம்பித்தார்.

2011இல் லேடி காகாவின் ‘பார்ன் திஸ் வே’ உலகம் முழுக்க ஒலித்தது. அதற்குத் தூண்டுதல் பீனின் பாட்டு என்று பின்னாளில் காகாவே சொன்னார். பீன் 2021இல் காலமானார்.

‘கடவுளா, நீயா, ஒன்றைத் தேர்ந்தெடு’ என்று இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் இன்றைக்கும் சொல்கிறார்கள். பீன் இரண்டில் எதையும் விடவில்லை.