எலும்பைக் கரைக்கச் சொல்லும் புரதம்

நம் எலும்பை ஒரு வகைச் செல் கரைத்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு வகை கட்டிக்கொண்டே இருக்கிறது. கரைப்பது ஆஸ்டியோகிளாஸ்ட், கட்டுவது ஆஸ்டியோபிளாஸ்ட். கரைக்கும் செல்லை ஏவிவிடுவதே கட்டும் செல்தான் என்று ரோடன், மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 1981-இல் சொன்னார்கள். எதை வைத்து ஏவுகிறது என்பது அப்போது தெரியாது.

1988-இல் ஜப்பானில் தகஹாஷி, சுடா குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சுண்டெலியின் மண்ணீரல் செல்களையும் எலும்பு கட்டும் செல்களையும் ஒரே தட்டில் வைட்டமின் டி ஹார்மோனோடு சேர்த்து வளர்த்தபோது, ஆஸ்டியோகிளாஸ்டுகள் பிறந்தன. நடுவே ஒரு மெல்லிய வடிகட்டிச் சவ்வை வைத்தார்கள். ஒன்றும் பிறக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். செல்லும் செல்லும் தொட்டால்தான் வேலை நடக்கும், அப்படியானால் தேடும் பொருள் கட்டும் செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்க வேண்டும் என்பதை ஒரு சவ்வு காட்டிவிட்டது.

அந்தப் பொருள் முதலில் அகப்பட்டது எலும்பு ஆய்வாளர்களிடம் அல்ல. 1997-இல் சியாட்டிலின் இம்யூனெக்ஸ் நிறுவனமும் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகமும் நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு புதிய புரதத்தைத் தனித்தனியே கண்டுபிடித்தன. அதே ஆண்டு ஆம்ஜென் நிறுவனம், எலும்பு கரைவதைத் தடுக்கும் ஆஸ்டியோபுரோட்டெஜெரினை அறிவித்தது. ஜப்பானின் ஸ்நோ பிராண்ட் என்ற பால் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதையே எட்டியிருந்தார்கள். அதையே தூண்டிலாகப் போட்டு, அது எதைப் பற்றிக்கொள்கிறது என்று இரு தரப்பும் பார்த்தன. 1998-இல் சிக்கியது, எதிர்ப்புச் செல்களில் முந்தைய ஆண்டு கண்ட அதே புரதம்! அதுதான் ராங்க்-எல்.

ஆய்வகத்தில் மரபணு வழியாகத் தயாரித்த இப்புரதத்தை எம்-சி.எஸ்.எஃப். என்ற இன்னொரு புரதத்தோடு சேர்த்துவிட்டால், கட்டும் செல்லே தேவையில்லை. சில நாட்களில் எலும்பு மச்சைச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாகின்றன. சாயம் ஏற்றினால் சிவந்து தெரிகின்றன. இன்று இந்தத் துறை ஆய்வகங்களில் இது அன்றாட வேலை.

1999-இல் ராங்க்-எல் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு எலும்பு அடர்ந்து இறுகியது, பல் முளைக்கவில்லை, நிணநீர்க் கணுக்களும் உருவாகவில்லை. எலும்புக்கும் நோய் எதிர்ப்புக்கும் இப்படியொரு உறவு இருப்பதை அதற்குமேல் யாரும் சந்தேகிக்கவில்லை. முடக்குவாதத்தில் மூட்டு எலும்பு அரிபடுவதிலும் இதன் பங்கு தெளிவாயிற்று.

ராங்க்-எல்லைக் கட்டிப்போடும் டெனோசுமாப் மருந்துக்கு 2010-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. நிறுத்தினால் எலும்பு மறுபடி வேகமாகக் கரையும், சிலருக்கு முதுகெலும்பு முறியும். உங்கள் வீட்டில் யாராவது இந்த ஊசி போட்டுக்கொண்டிருந்தால், டாக்டரைக் கேட்காமல் ஒரு தவணையையும் தள்ளிப்போட விடாதீர்கள்.